பக்கவாதமும் நாலரை மணி நேரமும்

மூளையின் இரத்தக் குழாயில் ஏற்படும் அடைப்பைக் கரைப்பதற்கு டெனெக்டெப்ளேஸ் என்ற மருந்தைப் பயன்படுத்த, அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அனுமதி அளித்தது. பக்கவாதத்துக்கென இதே வகையில் அந்த அமைப்பு முன்னர் அனுமதித்திருந்த மருந்து ஆல்டெப்ளேஸ். அந்த அனுமதி 1996ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வழங்கப்பட்டது. இரண்டு அனுமதிகளுக்கும் இடையே ஏறத்தாழ 29 ஆண்டுகள் கழிந்துள்ளன.

உலகில் ஆண்டுதோறும் சுமார் ஒரு கோடியே இருபது இலட்சம் பேரைப் புதிதாகத் தாக்கும் ஒரு நோய்க்கு, இவ்வளவு நீண்ட காலம் ஒரேயொரு மருந்து மட்டுமே அந்நாட்டில் முறையான அனுமதியோடு இருந்து வந்தது என்பது வியப்பளிக்கலாம். அந்த ஒரு மருந்தும்கூட, தேவைப்பட்டவர்களில் மிகச் சிலருக்கே கிடைத்தது. அதற்கான காரணங்களில் சில மருத்துவத்தைச் சேர்ந்தவை. சில பணத்தைச் சேர்ந்தவை. பெரும்பாலானவை, நோயாளி வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு வந்து சேர எடுத்துக்கொள்ளும் நேரத்தைச் சேர்ந்தவை.

இருவகைப் பக்கவாதம்

பக்கவாதங்களில் பெரும்பான்மையானவை, மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் ஒன்றை இரத்தக் கட்டி அடைத்துக்கொள்வதால் ஏற்படுகின்றன. எஞ்சியவை இரத்தக் குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிவதால் உண்டாகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வாய் கோணுகிறது, ஒரு கை தொய்கிறது, பேச்சு குழறுகிறது. அனுபவம் மிக்க மருத்துவராலும் கட்டிலருகில் நின்றுகொண்டு இது எந்த வகை என்று உறுதியாகச் சொல்ல இயலாது.

ஆனால் சிகிச்சையைப் பொறுத்தவரை இவை ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. அடைப்பைக் கரைக்கும் மருந்தை இரத்தக் கசிவு உள்ள ஒருவருக்குச் செலுத்தினால் அவர் உயிரிழக்க நேரிடலாம். எனவேதான் தலையை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் இந்த மருந்து கொடுக்கப்படுவதில்லை. மாரடைப்புக்கு ஆஸ்பிரின் கொடுப்பதைக் கேள்விப்பட்ட உறவினர்கள், பக்கவாதம் தாக்கியவருக்கும் வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்துவிடக் கூடாது என்று மருத்துவர்கள் வலியுறுத்துவதற்கும் இதுவே காரணம்.

அடைப்பு ஏற்பட்ட நொடியிலேயே மூளையின் அப்பகுதி முழுவதும் இறந்துவிடுவதில்லை. நடுப்பகுதி விரைவில் அழிகிறது. அதைச் சூழ்ந்த பகுதி, அண்டைக் குழாய்களிலிருந்து கசிந்து வரும் சொற்ப இரத்தத்தைக் கொண்டு செயலிழந்த நிலையில், ஆனால் உயிரோடு, சில மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது. பெரிய இரத்தக் குழாய் ஒன்று அடைபட்ட நிலையில், சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று அமெரிக்க நரம்பியல் நிபுணர் ஜெஃப்ரி சேவர் 2006ஆம் ஆண்டில் கணக்கிட்டார். கரைக்கும் மருந்து காப்பாற்ற முயல்வது, இந்தத் தாக்குப்பிடிக்கும் பகுதியைத்தான்.

இதயத்தில் வென்றது, மூளையில் தோற்றது

இரத்தக் கட்டியைக் கரைக்கும் பொருள் ஒன்றை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் சுரக்கின்றன என்பதை அமெரிக்க மருத்துவர் வில்லியம் டில்லட் 1933ஆம் ஆண்டில் அறிவித்தார். ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்று பின்னர் பெயர்பெற்ற அந்த மருந்து, மாரடைப்பு நோயாளிகளின் உயிரைக் காக்கிறது என்பது 1980களில் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. 1986இல் இத்தாலியில் நடந்த ஆய்வில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளும், 1988இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில் 17 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களும் பங்கேற்றனர்.

இதயத்தில் பலித்தது மூளையிலும் பலிக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால், 1990களின் நடுப்பகுதியில் பக்கவாத நோயாளிகளிடம் ஸ்ட்ரெப்டோகைனேஸைப் பரிசோதித்த மூன்று பெரிய ஆய்வுகளும் பாதியிலேயே நிறுத்தப்பட வேண்டியதாயிற்று. மூளைக்குள் இரத்தக் கசிவு ஏற்பட்டு நோயாளிகள் இறந்ததே காரணம். இரத்த ஓட்டமின்றிச் சேதமடைந்த மூளைத் திசுவின் குழாய்கள் வலுவிழந்திருக்கும். அடைப்பு திடீரெனத் திறக்கும்போது, குறிப்பாகக் காலம் கடந்து திறக்கும்போது, அவை உடைந்துவிடக்கூடும்.

இந்தச் சூழலில்தான் அமெரிக்க அரசின் நரம்பியல் நோய்களுக்கான தேசிய நிறுவனம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 1995ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தன. மனித உடலிலேயே இயற்கையாகச் சுரக்கும் ஒரு புரதத்தை மரபணுத் தொழில்நுட்பத்தின் மூலம் தயாரித்த ஆல்டெப்ளேஸ் இதில் பயன்படுத்தப்பட்டது. பங்கேற்றவர்கள் 624 பேர். அனைவருக்கும் பாதிப்பு தொடங்கிய மூன்று மணி நேரத்துக்குள் மருந்து செலுத்தப்பட்டது. ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தொண்ணூறே நிமிடங்களுக்குள். மூன்று மாதங்களுக்குப் பிறகு பார்த்தபோது, மருந்து பெற்றவர்கள் ஊனமின்றியோ மிகச் சிறிய ஊனத்தோடோ இருப்பதற்கான வாய்ப்பு குறைந்தது 30 சதவீதம் கூடியிருந்தது. அதேவேளை, 36 மணி நேரத்துக்குள் பாதிப்பை ஏற்படுத்திய மூளைக் கசிவு, மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதமாகவும் பெறாதவர்களில் 0.6 சதவீதமாகவும் இருந்தது.

இந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. மருந்து கொடுத்த மறுநாள், இரு பிரிவினருக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. மூன்று மாதம் கழித்தே பலன் தெரிந்தது. ஊசி போட்டவுடன் தந்தை எழுந்து நடப்பார் என்று காத்திருக்கும் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

மருத்துவர்களிடையே பிளவு

624 பேரிடம் நடந்த ஒரே ஆய்வை நம்பி, உயிரைப் பறிக்கவும் கூடிய மருந்தைக் கொடுக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. மாரடைப்பு மருந்துகளுக்குப் பல்லாயிரம் நோயாளிகளிடம் கிடைத்த சான்றோடு ஒப்பிட்டால் இது சிறு துரும்பு என்று அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள் பலர் வாதிட்டனர். மருந்து பெறாத பிரிவில் கடுமையான பாதிப்புடையவர்கள் சற்று அதிகம் இருந்ததால் முடிவு திரிந்திருக்கலாம் என்ற விமர்சனமும் வந்தது. 2004ஆம் ஆண்டில் வெளியான சுயாதீன மறு ஆய்வு, அந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கில் கொண்ட பின்னரும் பலன் இருப்பதாகவே கூறியது.

அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகர மருத்துவமனைகளின் அனுபவம் ஐயங்களுக்கு வலு சேர்த்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான அந்தக் கணக்கெடுப்பின்படி, அங்கு அடைப்பினால் பக்கவாதம் ஏற்பட்ட நோயாளிகளில் 1.8 சதவீதத்தினருக்கே மருந்து கிடைத்திருந்தது. அவ்வாறு கிடைத்தவர்களில் 15.7 சதவீதத்தினருக்கு மூளையில் கசிவு ஏற்பட்டது. மருந்து பெற்றவர்களில் பாதிப் பேருக்கு விதிமுறைகள் மீறப்பட்டிருந்தன. மருந்தைக் குறை சொல்வதா, கொடுத்த விதத்தைக் குறை சொல்வதா என்பதில் இரு தரப்பினரும் அவரவர் நிலையிலேயே நின்றனர்.

இதனிடையே 2002ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் சஞ்சிகையில் வெளியான கட்டுரை ஒன்று, இம்மருந்தை வலுவாகப் பரிந்துரைத்த அமெரிக்க இதயக் கழகம், மருந்தைத் தயாரிக்கும் ஜெனென்டெக் நிறுவனத்திடமிருந்து பெருந்தொகை நன்கொடை பெற்றிருந்ததைச் சுட்டிக்காட்டியது. நன்கொடை வாங்கியதால் மருந்து பலனற்றதாகிவிடாது. ஆனால், சந்தேகப்படுபவர்களின் சந்தேகம் அதன் பின் எளிதில் தீரவில்லை.

பின்னர் வந்த ஆய்வுகள் படத்தைத் தெளிவாக்கின. 821 நோயாளிகளைக் கொண்டு ஐரோப்பாவில் நடந்த ஆய்வு, மூன்று மணியிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாலும் பலன் உண்டு என்று 2008இல் அறிவித்தது. எடின்பரோவிலிருந்து ஒருங்கிணைக்கப்பட்டு 12 நாடுகளில் 3,035 பேரிடம் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. ஆறு மணி நேரம் வரை மருந்து கொடுத்துப் பார்த்த இந்த ஆய்வில் முதல் ஏழு நாட்களில் மருந்து பெற்றவர்களிடையே மரணம் கூடுதலாக இருந்தது. ஆனால் ஆறு மாத முடிவில் இரு பிரிவிலும் மரணம் சமமாகவே இருந்தது.

ஒன்பது ஆய்வுகளின் 6,756 நோயாளிகளது விவரங்களையும் ஒன்றுசேர்த்து 2014ஆம் ஆண்டில் லான்செட் சஞ்சிகையில் வெளியான பகுப்பாய்வுதான் இன்று பெரும்பாலானவர்கள் மேற்கோள் காட்டும் சான்று. ஆல்டெப்ளேஸ் பெற்றவர்களில், மூன்று மணி நேரத்துக்குள் மருந்து கிடைத்தோரில் 32.9 சதவீதத்தினர் ஏறத்தாழ முழுமையாகத் தேறினர், பெறாதவர்களில் 23.1 சதவீதம். மூன்று முதல் நாலரை மணிக்குள் என்றால் 35.3க்கு 30.1. அதற்குப் பிறகு 32.6க்கு 30.6, இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம்.

இதைச் சாதாரண மொழியில் சொன்னால், மூன்று மணி நேரத்துக்குள் நூறு பேருக்கு மருந்து கொடுத்தால், கொடுக்காவிட்டால் ஊனத்தோடு இருந்திருக்கக்கூடிய சுமார் பத்துப் பேர் நல்ல நிலையில் வீடு திரும்புகிறார்கள். தாமதமானால் அது ஐந்தாகிறது. எந்த நேரத்தில் கொடுத்தாலும் நூற்றில் ஏறத்தாழ இரண்டு பேர் கூடுதலாக மூளைக் கசிவால் முதல் வாரத்துக்குள் இறக்கிறார்கள். நூற்றில் மிகப் பெரும்பாலோருக்கு மருந்து நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை. இதை அற்புத மருந்து என்று சொல்வது மிகை. ஆபத்தைக் காட்டி ஒதுக்கிவிடுவதும், ஆயுள் முழுவதும் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்வதைச் சிறிய விடயமாகக் கருதுவதாகிவிடும்.

பிரிட்டனில் இந்த விவாதம் ஓயவில்லை. அந்நாட்டின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு நிபுணர் குழு ஒன்றை அமைத்து எல்லாச் சான்றுகளையும் மீண்டும் ஆராய்ந்தது. நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஆபத்தைவிட நன்மையே அதிகம் என்று 2015ஆம் ஆண்டில் அக்குழு முடிவு கூறியது.

ஹெல்சிங்கியின் இருபது நிமிடம்

நோயாளி மருத்துவமனை வாசலை அடைந்த நேரத்துக்கும் மருந்து நரம்பில் ஏறிய நேரத்துக்கும் உள்ள இடைவெளி, பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியின் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1998இல் 105 நிமிடங்களாக இருந்தது. 2011இல் அது 20 நிமிடங்களாகக் குறைந்தது. இதற்குப் புதிய கருவி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் வழியிலிருந்தே மருத்துவமனைக்குத் தகவல் தந்தார்கள். நோயாளியின் பழைய மருத்துவ விவரங்கள் அவர் வருவதற்கு முன்பே எடுத்துவைக்கப்பட்டன. அவசரப் பிரிவுப் படுக்கைக்குக் கொண்டுபோகாமல் ஆம்புலன்ஸ் தள்ளுகட்டிலிலேயே நேராக ஸ்கேன் அறைக்குக் கொண்டுசென்றார்கள். மருந்தும் அங்கேயே செலுத்தப்பட்டது.

ஜெர்மனியின் ஹோம்பர்க் நகரில் 2008ஆம் ஆண்டில் இன்னொரு வழி தேடப்பட்டது. ஸ்கேன் கருவியையே ஆம்புலன்ஸில் ஏற்றி நோயாளியின் வீட்டு வாசலுக்கு அனுப்பினார்கள். பெர்லினிலும் அமெரிக்க நகரங்களிலும் பின்னர் நடந்த ஆய்வுகள் இதனால் பலன் கூடுவதைக் காட்டின. செலவும் கூடத்தான் செய்கிறது.

லண்டன் நகரம் தேர்ந்த வழி நிர்வாகம் சார்ந்தது. 2010ஆம் ஆண்டில், முப்பதுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் சிதறிக்கிடந்த பக்கவாத அவசரச் சிகிச்சை, எட்டே மையங்களில் குவிக்கப்பட்டது. தமிழர்கள் செறிந்து வாழும் ஹாரோ, டூட்டிங் பகுதிகளை ஒட்டிய நார்த்விக் பார்க், செயின்ட் ஜார்ஜஸ் மருத்துவமனைகளும் அவற்றில் அடக்கம். ஆம்புலன்ஸ்கள் அருகிலுள்ள மருத்துவமனையைக் கடந்து இந்த மையங்களுக்குச் செல்லுமாறு பணிக்கப்பட்டன. தங்கள் பகுதி மருத்துவமனை தரமிறக்கப்படுவதாக அப்போது எதிர்ப்புகள் எழுந்தன. பின்னர் நடந்த மதிப்பீடு, லண்டனில் பக்கவாத மரணங்கள் இங்கிலாந்தின் ஏனைய பகுதிகளைவிட அதிகமாகக் குறைந்ததைக் காட்டியது.

இவ்வளவுக்குப் பிறகும் பிரிட்டனில் பக்கவாத நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் கரைக்கும் மருந்து கிடைக்கிறது. சிலருக்குக் கசிவு வகைப் பக்கவாதம். சிலர் இரத்தம் உறையாமலிருக்க ஏற்கனவே மருந்து உட்கொள்பவர்கள். சிலருக்கு இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் இருக்கும். மிகப் பலர் காலம் கடந்து வருபவர்கள், அல்லது எப்போது தொடங்கியது என்றே தெரியாதவர்கள்.

பெயரில் உள்ள சிக்கல்

தமிழில் இந்நோய்க்கு வழங்கும் பெயர்களைக் கவனித்தால் ஒன்று புலப்படும். தமிழகத்தில் பக்கவாதம், இலங்கையில் பாரிசவாதம். இரண்டுமே உடலின் ஒரு பக்கத்தைச் சுட்டுகின்றன. வாதம் என்பது நம் மரபு மருத்துவம் கூறும் மூன்று தோஷங்களுள் ஒன்று. நோய் மூளையில் இருக்கிறது என்ற செய்தி பெயரில் எங்கும் இல்லை. கை கால் விழுந்துவிட்டது என்று சொல்லும் குடும்பத்தினர், தைலம் தேய்ப்பதையும் பத்தியத்தையும் முதலில் நினைப்பதில் வியப்பில்லை. அந்தச் சிகிச்சைகளைப் பற்றிப் பின்னர் எவ்வளவு வேண்டுமானாலும் விவாதிக்கலாம். கரைக்கும் மருந்துக்கான நேரம் அந்த விவாதத்துக்காகக் காத்திருப்பதில்லை.

வெளிநாடுகளில் வாழும் தமிழர்களுக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டிய காரணம் உண்டு. பிரிட்டனில் தெற்காசிய வம்சாவளியினர் வெள்ளையினத்தவரைவிடச் சராசரியாகக் குறைந்த வயதிலேயே பக்கவாதத்துக்கு உள்ளாகிறார்கள். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இதில் பெரும் பங்கு வகிக்கின்றன. அந்நாட்டில் 2009ஆம் ஆண்டு முதல் நடைபெறும் விழிப்புணர்வுப் பிரசாரம் முகம், கை, பேச்சு ஆகிய மூன்றையும் கவனிக்கச் சொல்கிறது. இதில் பேச்சைச் சோதிப்பது ஆம்புலன்ஸ் ஊழியருக்கு எளிதல்ல, எதிரே இருக்கும் முதியவர் தமிழ் மட்டுமே பேசுபவராக இருந்தால். தொலைபேசி வழி மொழிபெயர்ப்பு வசதி இருக்கிறது என்றாலும், அம்மா வழக்கமாக இப்படிப் பேசுபவரல்ல, சொற்கள் குழறுகின்றன என்று சொல்லக்கூடியவர் வீட்டில் இருக்கும் பிள்ளைதான். சில வேளைகளில் பள்ளி செல்லும் பேரப்பிள்ளை.

ஊழியர்கள் கேட்கும் இன்னொரு கேள்விக்கும் குடும்பத்தாரே பதில் சொல்ல வேண்டும். இவர் கடைசியாக நலமாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்பது அது. மருத்துவர்கள் கடிகாரத்தைத் தொடங்குவது பாதிப்பைக் கண்ட நேரத்திலிருந்து அல்ல. கடைசியாக நலமாகக் காணப்பட்ட நேரத்திலிருந்து. உறக்கத்திலேயே பக்கவாதம் ஏற்பட்டு, காலையில் எழ முடியாமல் கிடப்பவர்களுக்கு இதனால் நெடுங்காலம் சிகிச்சை மறுக்கப்பட்டு வந்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூலம் பாதிப்பு புதியதா என்று கணித்து இத்தகையோருக்கும் மருந்து கொடுக்கலாம் என்று 2018ஆம் ஆண்டில் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது. அதில் மருந்து பெற்றவர்களில் 53.3 சதவீதத்தினரும், பெறாதவர்களில் 41.8 சதவீதத்தினரும் நன்கு தேறினர்.

ஆசிய உடலுக்குக் குறைந்த அளவு மருந்து போதுமா என்ற கேள்வியும் உண்டு. ஜப்பான் 2005ஆம் ஆண்டிலேயே உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் என்ற அளவை அனுமதித்தது. பிற நாடுகளில் 0.9. பெரும்பாலும் ஆசியர்களைக் கொண்டு 3,310 பேரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், குறைந்த அளவில் மூளைக் கசிவு குறைந்தது. ஆனால் ஊனத்தைத் தவிர்ப்பதில் அது வழக்கமான அளவுக்குச் சமம் என்று நிரூபணமாகவில்லை.

மருந்தின் விலையும் தூரமும்

பெரிய குழாய்களில் தங்கும் பெரிய கட்டிகளைக் கரைப்பதில் இம்மருந்துகள் அடிக்கடி தோற்கின்றன. தொடை அல்லது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் முறையின் பலன் 2015ஆம் ஆண்டில் அடுத்தடுத்து வெளிவந்த ஐந்து ஆய்வுகளால் நிலைநாட்டப்பட்டது. தகுந்த நோயாளிகளுக்கு இதை 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்று 2018இல் தெரியவந்தது. எனினும், இதற்கான நிபுணர்களும் கருவிகளும் பெருநகரங்களைத் தாண்டி அதிகம் இல்லை. ஊசி மருந்து இன்னும் முக்கியமாக இருப்பது அதனால்தான்.

ஆல்டெப்ளேஸை உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் பக்கவாதத்துக்கான அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் ஒரு நோயாளிக்கான அளவு பல பத்தாயிரம் ரூபாய் வரை வருகிறது. அடகு வைக்க நகை தேடும் நேரமும் மூளை இழக்கும் நேரம்தான். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது; அரசு மருத்துவமனைகளின் அவசரச் சிகிச்சைத் திட்டத்தில் பக்கவாதமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. இலங்கையில் 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியுடன் தொடங்கிய 1990 சுவசெரிய ஆம்புலன்ஸ் சேவை, 2018ஆம் ஆண்டில் வடக்குக்கும் நீட்டிக்கப்பட்டது. வண்டி வந்துவிடுகிறது. அது போய்ச் சேரும் இடத்தில் ஸ்கேனும், அதைப் படித்து முடிவெடுக்கக்கூடிய மருத்துவரும், மருந்தும் நள்ளிரவில் ஒருசேர இருக்கின்றனவா என்பது ஊருக்கு ஊர் வேறுபடுகிறது.

டெனெக்டெப்ளேஸ் மீது எதிர்பார்ப்பு எழுந்திருப்பது இந்த இடத்தில்தான். ஆல்டெப்ளேஸில் பத்தில் ஒரு பங்கை ஊசியாகவும், மீதியை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகக் கருவி வழியாகவும் செலுத்த வேண்டும். டெனெக்டெப்ளேஸ் ஒரே ஊசியில் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. கனடாவில் சுமார் 1,600 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ முழுமையாகத் தேறியவர்கள் டெனெக்டெப்ளேஸ் பிரிவில் 36.9 சதவீதம், ஆல்டெப்ளேஸ் பிரிவில் 34.8 சதவீதம். அதாவது, பழைய மருந்துக்குக் குறைந்தது அல்ல என்று உறுதியானது; அதை மிஞ்சியது என்று சொல்ல இயலாது. பிரிட்டனில் இது 2024ஆம் ஆண்டில் பரிந்துரைக்கப்பட்டது. இந்தியாவில் உள்நாட்டு நிறுவனமே இதன் ஒரு வடிவத்தைத் தயாரிக்கிறது. அங்கு அமெரிக்காவுக்கு முன்பே பக்கவாதத்துக்குப் பயன்பாட்டில் உள்ளது.

சிறிய மருத்துவமனை ஒன்றில் ஸ்கேன் எடுத்து, தொலைவிலுள்ள நரம்பியல் நிபுணரிடம் படத்தை அனுப்பிக் கேட்டு, ஊசியைப் போட்டவுடன் நோயாளியைப் பெரிய மையத்துக்கு அனுப்பிவிடலாம். சொட்டு மருந்துக் கருவியோடு செவிலியர் ஒருவர் ஆம்புலன்ஸில் உடன் செல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த ஊசிக்கும் முன்னதாக ஸ்கேன் வேண்டும், கையில் மருந்து வேண்டும். கனடாவில் நடந்த அந்த ஆய்விலும் நாலரை மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தவர்களே சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.